காலி வண்டி எடை

ஜனவரி 6

எடைமேடைக்கு இன்று ஆறே லாரி. போன வருஷத்து உப்பு. பில் போட்ட நேரம் போக போனில் ஷேர் மார்க்கெட் வீடியோதான்.

என் வீட்டுக்காரர் ஷஃபி சம்மதித்துவிட்டார்! சவூதி தம்மாமிலிருந்து ஐம்பதாயிரம் வந்திருக்கிறது. "இதை வச்சு செஞ்சு காட்டு சனோ. பிப்ரவரி கடைசில வேலையை முடிச்சுட்டு வந்துடுவேன். சரியா வந்தா செட்டில்மென்ட் ஆறு லட்சமும் உன் கையில. இல்லன்னா கபீர் அண்ணன் காட்டுற பிளாட்டுதான். ஆனா வட்டி மட்டும் கூடாது."

அவர் அண்ணன் காட்டும் காலி மனை முதலியார்சாவடியில். மழை பெய்தால் குளம். நான் விடுவேனா?

ஜனவரி 9

திண்டிவனத்தில் புரோக்கர் ஆபீஸ். ஏசி, டீ, ஜெயசீலன் என்று ஒருவர். "எதை வாங்கணும், எப்ப விக்கணும், எல்லாம் நாங்க சொல்லுவோம் மேடம்."

லோடு ஏற்றும் முன் காலி வண்டியை எடை போடாவிட்டால் உப்பு எவ்வளவென்று எவனுக்குத் தெரியும்? அதையே கேட்டேன். "உங்க காலி வண்டி எடை என்ன சார்?" முழித்தார். "கமிஷனைக் கேக்குறேன்."

"வாங்குறப்ப நூத்துக்கு அம்பது காசு. விக்கிறப்பவும் அம்பது காசு."

ஐம்பதாயிரத்துக்குப் போக வர ஐநூறு. மழுப்பாமல் சொன்னார், அதுவரை சரி.

ஜனவரி 10

ஆப்பில் பார்த்தேன். ஒரு ஆர்டருக்கு இருபது ரூபாய், எவ்வளவு வாங்கினாலும் இருபதே! ஆள் இல்லை, ஆலோசனை இல்லை, டீ இல்லை. டீ நானே போட்டுக்கொள்வேன். ஆப்தான்.

ஜனவரி 20

வாங்கிட்டேன்! உப்பளத்தில் ஓடுகிற மோட்டார் பம்பு கம்பெனி. என் காசுக்கு அறுபது ஷேர் வரும் என்று நினைத்தால் இருநூறு வாங்கலாம் என்று காட்டியது. புது ஆளுக்குச் சலுகை போல, இருநூறும் எடுத்தேன். ஓடிபி கேட்டது, கொடுத்தேன்.

ஜனவரி 23

ஏறுகிறது! லாரி டிரைவர் முருகையன், "என்னம்மா போனைப் பாத்து சிரிக்கிற, வீட்டுக்காரரா?" என்றார். அதைவிட நல்ல சேதி என்றேன்.

ஜனவரி 29

எடை இடிக்குது. இருக்க வேண்டிய காசைவிட முந்நூற்று நாற்பது குறைவு. வரி வரியாகத் தேடினேன் — வட்டி.

சலுகையே இல்லை அது. கடன். அறுபதுக்கு மேல் நூற்று நாற்பது ஷேரும் ஆப்காரன் போட்ட காசு. யா அல்லாஹ், என்ன பண்ணி வச்சிருக்கேன்? ஒண்ணே ஒண்ணுதானே கேட்டாரு மனுஷன். ஆப்ல யார்கிட்ட கேக்குறது? திருப்பித் திருப்பி அதே நாலு பதில்.

ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். கஸ்டமர்கூட இல்லை நான். எடுத்தார். "அழாதீங்க மேடம். நூத்தி நாப்பதை வித்துடுங்க, கடன் அடைஞ்சிடும். மீதி அறுபது உங்க சொந்தக் காசு. அப்புறம் அந்தக் கடன் பட்டனை ஆஃப் பண்ணுங்க." எந்த இடத்தில் அழுத்துவது என்பதுவரை லைனில் இருந்தார்.

ஜனவரி 30

விற்றாயிற்று. கடனில் வந்த லாபம் எனக்கு வேண்டாம். உப்பளத் தொழிலாளி பச்சமுத்துவின் டயாலிசிஸ் செலவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஷஃபியிடம் சொல்வதா? சொல்லாவிட்டால் தெரியவே தெரியாது. சொன்னால் ஆறு லட்சம் போச்சு.

மாலை

சொல்லிட்டேன். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 11

அறுபது ஷேரும் நன்றாக ஏறியிருக்கிறது. கபீர் அண்ணன் பிளாட்டை வீடியோ எடுத்து அனுப்பினாராம்.

பிப்ரவரி 26

முந்தாநாள் வந்தார். இன்று மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு எடைமேடைக்கே வந்தார். முருகையன் காலி லாரியை ஏற்றி நிறுத்தியதை வேடிக்கை பார்த்தார். பிறகு தன் பான் கார்டை எடுத்து என் பில் புக்மேல் வைத்தார்.

"அண்ணன்கிட்ட பிளாட் வேணாம்னு சொல்லிட்டேன். அந்த முந்நூத்தி நாப்பதை நீ சொல்லலன்னா எனக்கு எப்பவும் தெரிஞ்சிருக்காது. எந்த புரோக்கர்னு நீயே சொல்லு."

சந்தோஷத்தில் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். என் அறுபது ஷேர் ஆப்பிலேயே இருக்கட்டும். ஆறு லட்சத்துக்குப் போன் எடுக்கிற ஆள் வேண்டும்.

"ஜெயசீலன் சார், இந்தத் தடவை கஸ்டமரா பேசுறேன். காலி வண்டி எடையைக் கொஞ்சம் குறைங்க."

இப்போது முழிக்கவில்லை, சிரித்தார். நூற்றுக்கு இருபது காசில் வந்து நிற்கிறார். நாளை பதினைந்துக்கு இறங்குவார்.