பேத்தியின் நிக்காஹ் வீடியோவில் விளக்கக் குரல் கேட்டு மனு

அனுப்புநர்
ஷா. சாஹிரா பீவி,
பள்ளிவாசல் தெரு,
பொழிச்சலூர், சென்னை – 74.

பெறுநர்
மாவட்ட ஊனமுற்றோர் மறுவாழ்வு அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: கல்யாண வீடியோவின் அசல் கேசட் அழிவதற்குள், பார்வையற்ற என் கணவர் கேட்பதற்கு டிவிடியில் விளக்கக் குரல் சேர்க்கச் செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஷாகுல் ஹமீது சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போனவர். எங்கள் பேத்தி மெஹ்னாஸின் நிக்காஹ்வை குரோம்பேட்டை வீடியோக்காரர் தயாளன் எடுத்தார். இதே ஆள்தான் என் மகன் கல்யாணத்தில் என் தங்கையைத் தலை இல்லாமல் எடுத்தவர். நான் மறக்கவில்லை.

2. அவர் கொடுத்த டிவிடியில் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுதான். ஹஜ்ரத் நிக்காஹ் உரையான குத்பா ஓதும்போது குத்துப் பாட்டு. மாப்பிள்ளை சம்மதம் சொல்லும் இடத்தில் மழைப் பாட்டு. என் கணவர், "கல்யாணம் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படம் முடிந்துவிட்டது.

3. நேரில் போய்க் கேட்டேன். "கண்ணு தெரியாத பாய்க்கு வீடியோ எதுக்கு பாட்டிம்மா? பாட்டு கேக்குதுல்ல, கேட்டுகினு குந்தச் சொல்லு" என்றார் தயாளன். அதற்கு நான் சொன்ன பதில் மனுவில் எழுதத்தக்கதல்ல.

4. ஐயா, இனிமேல்தான் விஷயமே! போன ஞாயிறு தாம்பரத்தில் பார்வையற்றோர் கூட்டத்தில், அதை நடத்தும் லாசரஸ் சார் ஒரு வெளிநாட்டுப் பட டிவிடி போட்டு, ரிமோட்டில் எதையோ அழுத்தினார். யாரும் பேசாத நேரத்தில் ஒரு குரல் வந்தது! கதவு திறக்கிறது, அவள் கண்ணைத் துடைக்கிறாள் என்று எல்லாம் சொல்கிறது! குரல் இங்கிலீஷ், சார் தமிழில் சொன்னார். என் கணவர் என் கையைப் பிடித்து, "நம்ம மெஹ்னாஸ் கல்யாணத்துக்கு இப்படிப் போட முடியாதா, சாஹிரா?" என்றார். முடியுமாம் ஐயா! ஒரே டிவிடியில் இரண்டு சத்தம் வைக்கலாமாம்!

5. அந்தக் குரலை நானே கொடுக்கிறேன். யார் எந்தச் சேலையில் வந்தார்கள், பிரியாணியைக் குறை சொல்லிவிட்டு இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தது யார், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அசல் சத்தம் உள்ள கேசட்டின் மேலேயே வரும் ஞாயிறு வேறு கல்யாணம் எடுக்கப்போகிறாராம் தயாளன். அழிந்தால் போச்சு.

6. ஆகவே அந்தக் கேசட்டைத் தொடக்கூடாது என்று ஐயா இன்றே அவருக்கு ஒரு போன் போட வேண்டும். இன்னொன்று: டிவிடி போட்டதும் திரையில் வரும் பட்டியலைப் படித்துத்தான் விளக்கக் குரலைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். படிக்கக் கண் இருந்தால் அந்தக் குரல் எதற்கு? போட்டவுடனே குரல் வரும்படி செய்யச் சொல்லுங்கள். நான் வீட்டில் இல்லாத அன்றும், உலகத்திலேயே இல்லாத அன்றும், அவர் தானாகப் போட்டுக் கேட்க வேண்டும். பேத்தி கல்யாணத்தை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும், ஐயா.

உங்கள் போனை எதிர்பார்த்து,
ஷா. சாஹிரா பீவி

இடம்: பொழிச்சலூர்
நாள்: 19.06.2007