அப்பாவின் கையில் நீங்கள் கட்டிய கயிறு

சுக்கு காபி வாசனை வந்தால் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது. இன்று மாலை கள்ளக்குறிச்சி வண்டியிலிருந்து கச்சிராயபாளையத்தில் இறங்கி நிற்கையில், பக்கத்து டீக்கடையில் யாரோ சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டிருந்தார்கள். உடனே உங்கள் முருகன் கோயில் மண்டபம் வந்துவிட்டது. பித்தளை அண்டா, சுற்றிலும் குந்தியிருக்கும் ஆண்கள், நடுவில் என் அப்பா. அவர் கையில் டம்ளரைக் கொடுத்து, "சூடு ஜாஸ்தியா கீது, ஊதிக் குடிங்கண்ணே" என்கிற நீங்கள். நான் வீட்டில் போட்டுக் கொடுத்த டீயை அவர் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். எந்தக் கடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறந்தவர்மேல் பொறாமைப்படக் கூடாது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கோமுகி வாய்க்கால் பாயும் கரும்புக் காடு உங்கள் வீட்டுக்காரருடையது. அந்தக் கரும்பை வெட்டும் கூலி என் அப்பா. நீங்கள் கோயிலில் ஆண்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள், குடியையும் விடவைக்கப் போகிறீர்கள் என்றபோது ஊரே சிரித்தது. "வெளக்கு வெக்கிற நேரத்துல எவன்மா வருவான்?" என்று பூசாரி கேட்டார். "கடை கூப்புடற நேரமும் அதுதானுங்களே. அப்பதான் நாமளும் கூப்புடணும்" என்றீர்கள்.

முருகன் போற்றியை வைத்துத்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். வரிக்கு வரி கடைசியில் 'போற்றி' வரும். அந்த ஒரு சொல்லை அடையாளம் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பாதிப் பக்கம் படித்துவிட்ட தைரியம் வந்துவிடும். மீதியை அந்தத் தைரியம் இழுத்துக்கொண்டு போகும். எனக்கு இது தோன்றவில்லை. நான் பலகையும் பலப்பமும் வாங்கி வந்து, 'அ' எழுதி அப்பாவின் விரலைப் பிடித்தவள். "எனுக்கு இன்னாத்துக்கும்மா இது" என்று சிரித்தபடியே அவர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவார். உங்கள் மண்டபத்தில் அவர் ஒருநாளும் தூங்கியதாகக் கேள்விப்படவில்லை.

தைக் கிருத்திகை அன்று குடியை விட அப்பா கயிறு கட்டிக்கொள்ள நின்றார். தலை முழுகி, ஈர வேட்டியோடு, முருகனைப் பார்த்து வலது கையை நீட்டிக்கொண்டு. மஞ்சளில் நனைத்த கயிறு தட்டில் இருந்தது. அதைக் கட்டுகிறவர்தான் கட்டிக்கொள்கிறவருக்குத் துணை. மனம் தடுமாறினால் எந்த நேரமானாலும் துணையின் வாசலுக்குத்தான் முதலில் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஒரு விதி மட்டும் தெரியாது. கயிற்றை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"நீ வேணாம் கண்ணு. வூட்டு மனுசங்க கட்டக் கூடாது" என்றீர்கள்.

"ஏன்?"

"வூட்ல ஒரு சண்டை வந்தா, அன்னிக்கே கயிறும் அறுந்துடும்."

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "நாயந்தான். எங்கூட்டுக்காரி கட்டியிருந்தா கோயில் படி எறங்கறதுக்குள்ள அறுந்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நீங்கள் முடி போட்டீர்கள்.

அதற்கு முன் அவர் என் தலையில் அடித்துச் செய்த சத்தியங்களுக்குக் கணக்கில்லை. என் தலை வெடிக்காமல் இருப்பதே அதிசயம் என்று அம்மா இருந்த காலத்தில் சொல்வாள். உங்களிடம் அவர் சத்தியம்கூடச் செய்யவில்லை. கையைத்தான் நீட்டினார். குடி நின்றுவிட்டது.

நான் மகிழ்ந்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். சம்பளம் முழுதாக வீட்டுக்கு வந்தது, அண்டை வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசினார்கள். ஆனால் சாயங்காலங்கள் உங்களுக்குப் போய்விட்டன. உடம்பு நடுங்கினால் அப்பா உங்கள் வீட்டுப் பின்வாசலுக்குப் போய் மாட்டுக்கொட்டகை ஓரம் உட்காருவார். முதலில் உங்களை "அம்மா" என்றுதான் அழைத்தார். "கயிறு கட்டுனப்புறம் இன்னாண்ணே அம்மா? தங்கச்சின்னு கூப்புடுங்க" என்று நீங்கள் விடாமல் சொல்லி மாற்றினீர்கள். அந்தக் கணக்கில் நீங்கள் எனக்கு அத்தை. நான் உங்களை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் கூப்பிடப் போவதில்லை.

அம்மா இறந்த அன்று அவர் எங்கே போயிருந்தார் என்பதை அந்தக் கொட்டகை ஓரத்தில் உங்களிடம் சொல்லி அழுதாராம். நீங்கள்தான் ஒருமுறை, எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, பேச்சுவாக்கில் சொன்னீர்கள். "எங்க போயிருந்தார்?" என்று நான் கேட்டதும் உங்கள் முகம் மாறியது. "அது அவரு சொல்லணும் கண்ணு" என்றீர்கள். அவர் சொல்லவில்லை. உங்களோடு போய்விட்டது.

ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்காக நானும் அப்பாவும் கரியாலூர் போனோம். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு பலகை. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயசைத்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கியதும், "க... ரி... யா... லூர்!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கண்டக்டர், "எறங்கணும்னா சொல்லு பெருசு, கத்தாத" என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பி, "தங்கச்சிகிட்ட சொல்லணும்மா" என்றார். நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டுக்காரரும் குடித்தார். அது ஊருக்கே தெரியும். நீங்கள் மண்டபத்தில் போற்றி சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் புல்லட்டில் கோயிலைத் தாண்டிப் போவார், வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு. உங்கள் விதிப்படி உங்களால் அவருக்குக் கட்ட முடியாது. வேறு யாரிடமும் கை நீட்ட அவருடைய கௌரவம் விடவில்லை. ஹாரன் சத்தம் கரைகிறவரை வாசிப்பை நிறுத்தி வைப்பீர்கள். பிறகு அடுத்த வரி.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், நீங்கள் கயிறு கட்டிய எல்லோரும் கோமுகி அணைக்குப் போனார்கள். துணை இறந்தால் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், புதிதாக ஒருவர் கட்ட வேண்டும். நீங்கள் வைத்த வழக்கம்தான். அப்பா அம்மாவுக்குக்கூட அப்படி அழுததில்லை. வீட்டுக்கு வந்தவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புதுத் துணை பிடித்துக்கொண்டார்கள். அப்பா யாரிடமும் போகவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தார். அந்த நடை எனக்குப் பழக்கமானது. சின்ன வயதிலிருந்து பார்த்த நடை. விதியாவது ஒன்றாவது என்று கேட்டேன்.

"நான் கட்டுறேன்ப்பா."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. அந்தக் கையை நீட்டறப்ப மனுசன் ரொம்பக் கம்மியாயிடறான். உன்னாண்ட நான் அப்பனாவே இருந்துட்டுப் போறேன்."

நான் உள்ளே போய்விட்டேன். அழுகைதான். ஆனால் உங்களிடம் ஏன் போனார், என்னிடம் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறைந்துவிடவில்லை.

அடுத்த கிருத்திகைக்கு அவரை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி தட்டில் கயிறு வைத்துக் காத்திருந்தார். அப்பா தூணோரம் பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது உங்கள் வீட்டுக்காரர் வந்தார். நடந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது, விரல்கள் ஆடின. கூலிக்காரப் பழக்கத்தில் அப்பா சட்டென்று எழுந்துவிட்டார்.

"உக்காருய்யா ஏழுமல" என்று சொல்லிவிட்டு அவரும் பாயில் உட்கார்ந்தார். "எனுக்குக் கட்டு."

"ஐயா, நானே அவுத்துட்டு வெறுங்கையா கீறேன். என்னாண்ட வந்து நீட்டறீங்களே."

"அவ சாவறப்ப உன்னப் பத்தித்தான்யா பொலம்பிக்கினு இருந்தா. அண்ணன் இன்னா ஆவாரோ, அண்ணன் இன்னா ஆவாரோன்னு. கட்டுன புருசன் நான் பக்கத்துல குந்திக்கினு கீறேன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

அப்பா அவரைப் பார்த்தார். "நான் கட்டுனா நீங்க எங்கூட்டு வாசலுக்கு வரணும். வருவீங்களா?"

"வரேன். நீ எங்கூட்டுக்கு வா. எனக்கு நீ கட்டு, உனக்கு நான் கட்டறேன்."

இப்படி ஒருவருக்கொருவர் கட்டலாமா என்று பூசாரியைப் பார்த்தேன். அவர் தட்டை நீட்டினார். கரும்புச் சோகை கீறிக் கீறிக் காய்த்துப்போன விரல்களால் அப்பா உங்கள் வீட்டுக்காரருக்கு முடி போட்டார். நடுங்கும் விரல்களால் அவர் அப்பாவுக்குப் போட்டார். முடி விழவே நேரமாயிற்று.

நீங்கள் அங்கே நின்றிருந்தால் மகிழ்ந்திருப்பீர்கள். கூடவே வயிறும் எரிந்திருக்கும். இத்தனை வருடம் ஒரே வீட்டுக்குள் இருந்து உங்களால் ஆகாததை வெளியாள் ஒருவர் ஒரு முடியில் செய்துவிட்டார். அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நீங்கள் எனக்கு மிகவும் வேண்டியவராக இருந்தீர்கள்.

இப்போது சாயங்காலங்களில் அப்பா உங்கள் வீட்டுக்குப் போகிறார். சில நாள் உங்கள் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் உட்காருகிறார். நான் வெளியே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க ஒவ்வொரு நாளும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. அப்பா உங்கள் வீட்டிலிருந்து வரும் நாட்களில் சோற்றை வடித்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து நிற்கிறேன். தெருக்கோடியில் வரும்போதே தெரிந்துவிடுகிறது. நேராகத்தான் நடந்து வருகிறார்.