அணைத்து வைத்த எச்சரிக்கை

அன்புள்ள அம்மாவுக்கு, இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்கும் வேண்டாம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

கல்லூரிப் போட்டிக்கு எங்கள் குழு செய்த வெப்பமானிக்கு சி மொழியில் நிரல் எழுதியது நான். ஒரே நினைவிடத்தைத் தசம எண்ணாகவும் முழு எண்ணாகவும் படிக்கிறாய், தப்பாகலாம் என்று, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எச்சரித்தது. புரியாததால், அந்த எச்சரிக்கையே வராதபடி அணைத்துவிட்டேன். இன்று நிரலை வேகமாக ஓடும்படி மாற்றியதும் வெப்பமானி கண்டபடி எண் காட்டியது.

ஆனால் ஒயர் இணைத்த, விடுதியில் பக்கத்து அறைத் தோழிக்குத்தான் திட்டு. "உன் கைவேலை லட்சணம் இதுதானா? நாளைக்குள்ள சரியாகலேன்னா குழுவுக்கு வராதே" என்றார் எங்கள் குழுவைப் பார்க்கும் சார். அவள் விரலைச் சுட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பிரித்து மறுபடி ஈயத்தால் பற்றவைத்தாள். தப்பு ஒயரில் இல்லை, என் நிரலில்தான் என்று தெரிந்தும் நான் அவளுக்கு டார்ச் பிடித்தேன்.

உன் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. சாரிடம் உண்மையைச் சொல்ல—

அவள்தான் கதவைத் தட்டுகிறாள். "தூங்கிட்டியாடி? இன்னொரு தடவை டார்ச் பிடிக்கிறியா?"