சர்வர் அல்சூரிலேயே இருக்கும்

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹரிஷ்,

நான் சுகம், கோபத்தோடு சுகம். டப்ளின் மழை உங்களை என்ன பாடு படுத்துகிறதோ தெரியவில்லை. மெயில் சர்வர் நடத்துகிறவள் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நான் அனுப்பிய மெயிலையெல்லாம் உங்கள் கம்பெனி, முன்பின் தெரியாத சர்வர் என்று திருப்பி அனுப்பிவிட்டது. போனிலோ, நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் டிக்கெட் பேச்சுக்குப் போய்விடுகிறீர்கள்.

நடந்ததை முழுதாகக் கேளுங்கள். நாம் இருவரும் தொழிலை ஆரம்பித்தபோது வாங்கிய மென்பொருளை இனிமேல் பராமரிக்கப் போவதில்லை என்று அதைச் செய்தவர்களே அறிவித்துவிட்டார்கள். அதனால் வாடிக்கையாளர்களின் மெயிலை எல்லாம் புது மென்பொருளுக்கு மாற்றினேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் பழையது கொடுத்திருந்த அடையாள எண்ணை விட்டுவிட்டு, புதியது தன் இஷ்டத்துக்கு வேறு எண் போட்டுவிட்டது. திங்கட்கிழமை காலையில் எல்லாருடைய கம்ப்யூட்டரும், வருஷக்கணக்கான மெயிலை இன்றைக்கு வந்தவை என்று நினைத்து மறுபடி இறக்கிக்கொண்டது.

மல்லேஸ்வரத்தில் அச்சகம் வைத்திருக்கும் சேஷகிரி சார், போன வருஷத்து ஆர்டர் ஒன்றைப் புது ஆர்டர் என்று எடுத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்தே விட்டார். வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பெண் வீட்டுக்குப் போனும் செய்திருக்கிறார். அந்தப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்தாச்சாம்மா, என் மானத்தை வாங்கிட்டியே என்று கத்தினார். தேதியைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். தப்பு என்னுடையது, அதனால் கேட்கவில்லை.

இனி விலகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, பெரிய கம்பெனிக்குப் போனா நான் யாரைத் திட்டறது, அங்க போன் எடுக்கவே ஆள் இல்லையே என்றார். நம் ஆபீஸ் கேரலும் நானும் உட்கார்ந்து பழைய எண்களை அப்படியே புதியதில் ஏற்றிவிட்டோம். இரண்டு பேர் விலகினார்கள், மற்றவர்கள் இருக்கிறார்கள். கேரல் வந்த போனையெல்லாம் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டிக் கிடக்கிறாள்.

என் மெயிலுக்கு உங்கள் கம்பெனி கதவைத் திறக்கவும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதற்காக நீங்கள் உள்ளே யாரிடமும் சொல்ல வேண்டாம். என் சர்வருக்கு நானே பேசிக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் எல்லாரையும் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு மாதக் கடைசியில் டப்ளினுக்குக் கிளம்பு என்கிறீர்கள். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனீர்கள். இது மூன்றாவது வருஷம். நான் ஒருநாளும் தடுக்கவில்லை. நீங்கள் போனது முன்னேற்றம், நான் இங்கே இருப்பது மட்டும் பிடிவாதமா? சரி, பிடிவாதம்தான். சர்வரை மூட மாட்டேன்.

உங்களைப் பிரிந்திருப்பது எனக்கு சுலபமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையார் கரைக்கிற அன்று ஏரிக்கரைக்குத் தனியாகப் போனேன். பிடிக்கவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதீர்கள். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் அவசியம் வாருங்கள். என்னை அழைத்துப் போக வர வேண்டாம், ஹரிஷ். என்னைப் பார்க்க வாருங்கள்.

உங்கள்
பிரபா