பதினோரு மணிக்குக் கேட்ட பாட்டு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் பாட்டையெல்லாம் கிளவுடில் ஏற்றிவைத்துக் கேட்பவன் நான் மட்டும்தான். இன்று வல்லம் ஆபீசில் மீட்டிங். போனைத் தொடவே இல்லை. செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் பார்த்தால், பதினோரு மணிக்கு ஒரே பாட்டு மூன்று முறை ஓடியிருக்கிறது. காலேஜில் நான் மெட்டுப் போட்டு மல்லிகா பாடியது. வேறு யாரிடமும் கிடையாது.

பழைய போனை மனைவி சுமதிக்குக் கொடுத்தபோது அதிலிருந்து என் கணக்கை எடுத்தேனா? ஞாபகமில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "என் பாட்டு எதையாச்சும் போட்டியா?"

"எனக்கு இன்னாத்துக்கு உங்க பாட்டு? சீரியல் பாக்கவே நேரம் பத்தல."

பதினாறு வருஷத்தில் மல்லிகா பேரை இவளிடம் நான் எடுத்ததில்லை.

இப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுக்கிறாள். அதே மெட்டு. மல்லிகா எப்போதும் தவறவிடும் இடத்தை இவள் சரியாகப் பாடுகிறாள்.