தொண்ணூற்றெட்டு டிகிரியும் மூன்று பொட்டும்

அக். 13, திங்கள்

காலையிலிருந்தே வெயில். தகரக் கூரை. அறையில் 33. பிராசஸரில் 98.

இரண்டு நிமிட அனிமேஷன். 2,880 படச்சட்டங்கள். வெள்ளி மாலை ஐந்துக்குள் கோலாலம்பூர் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். போனால் வேலை. போகாவிட்டால் இந்த எஸ்டேட், இந்த அறை, அண்ணன். 412-ஆவது சட்டத்தில் கணினி தானாக அணைந்தது. இன்று மூன்றாம் முறை.

போன மாதம் நீரால் குளிரும் அமைப்பை வாங்கி நானே மாட்டினேன். யாரையும் தொட விடவில்லை. அந்தத் தைரியத்தில் பிராசஸரின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றினேன். அப்போது சின்ன வேலைகள்தான், சூடு தெரியவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். எஸ்டேட் லாரிகளைப் பழுதுபார்ப்பவன். உலகில் எல்லாமே அவனுக்கு லாரி.

"என்ன பாப்பா, சூடேறுதா? தண்ணி ஓடுதா பாரு."

"ஓடுது."

"அப்ப ஹெட்ட கழட்டு."

"இது லாரி இல்ல."

"சூட்டுக்கு என்ன லா தெரியும், லாரியா கம்ப்யூட்டரான்னு."

நல்ல வாக்கியம். அவன் வாயிலிருந்து வந்தது கூடுதல் எரிச்சல்.

அக். 14, செவ்வாய்

மூட்டம். எஸ்டேட்டின் செம்பனை மரங்களுக்கு உரம் போடுகிறார்கள், நாற்றம்.

செய்தவை:
– விசிறிகளைத் திருப்பி மாட்டியது. 97.
– பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறி. 96.
– பம்ப்: கை வைத்தால் அதிர்கிறது. ஓடுகிறது. ஆனால் குழாய்கள் குளிர்ந்தே இருக்கின்றன. ரேடியேட்டரும். சூடு தண்ணீருக்கே வரவில்லையா?

பிறகு கண்ணில் பட்டது. ரேடியேட்டர் வலையில் சந்தனம். ஆயுத பூஜைக்கு அண்ணன் வைத்தது. லாரி, ஸ்பானர் பெட்டி, அம்மாவின் கிரைண்டர், என் கணினி. ஆளுக்கு மூன்று பொட்டு. காய்ந்து, உதிர்ந்து, துளைகளில்.

மதியச் சாப்பாட்டில் கேட்டேன்.

"உன்ன யாரு என் மெஷின தொடச் சொன்னா?"

"சாமி கும்பிட்டதுக்கு ஒரு சண்டையா?"

"நீ படிச்சிருந்தா தெரியும்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நான்கு வருடமும் அவன் லாரிக்கு அடியில் கிடந்தான். தெரிந்தேதான் சொன்னேன்.

"சாப்பிடு," என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான். தட்டில் பாதி சோறு.

அக். 15, புதன்

பழைய பல் பிரஷ். சந்தனம் முழுக்க எடுத்தாயிற்று. 97.

வேகத்தைக் குறைத்தால் 93. ஆனால் ஞாயிறுதான் முடியும். ஞாயிறு யாருக்கு வேண்டும்?

பஸ் பிடித்து சிரம்பான் நகரம். அங்கே தெமியாங் பகுதியில் ஒரு கணினிக் கடை.

"பம்ப் ஹெட்ட கழட்டிப் பாத்தீங்களா மிஸ்?"

"பாத்தாச்சு."

"பேஸ்ட் ஒழுங்கா பரவியிருந்துச்சா?"

"ஆமா."

"அப்ப யூனிட்டே போச்சு லா. புதுசு வர அடுத்த வாரம் ஆவும்."

இரண்டும் பொய். அண்ணன் சொன்னதையே அவரும் கேட்டதால் வந்த பொய். பிராசஸர் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் அந்தப் பேஸ்ட், ஒரு குழாய் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி, எங்கள் பக்கத்து ஊர் தம்பினில் பஸ் இறங்கினால் அண்ணன் காருடன். அம்மா அனுப்பியிருப்பாள். இருக்கைகளில் இன்னும் கம்பெனி பிளாஸ்டிக், இரண்டு வருடமாக. முதுகு ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் டிவி ரிமோட்டும் அப்படித்தான், ஃபிரிட்ஜ் கைப்பிடியும் அப்படித்தான். உரித்தால் பழசாகிவிடுமாம். இந்த மனிதர்கள் எதையும் தொடாமலே வாழ்ந்து முடிப்பார்கள்.

அக். 16, வியாழன்

விடியும் முன்பே மழை. வேறு வழி மிச்சமில்லை. பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் பம்ப் தலையைக் கழற்றினேன். நான்கு திருகு. ஐந்து நிமிடம்.

அடியில் செம்புத் தகடு. தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஓரத்தில் சிவப்பு எழுத்து: பொருத்தும் முன் அகற்றவும். தாளின் மேல் என் பேஸ்ட், அழகாக, வட்டமாக. செம்பில் ஒரு துளி இல்லை.

நான்தான். நான் மட்டும்தான். அன்று அந்தத் தாளைப் பார்த்தது நினைவிருக்கிறது. புதுச் சாமான், பிளாஸ்டிக் இருக்கும், இருக்கட்டும். கை உரிக்கப் போகவே இல்லை.

உரித்தேன். துடைத்தேன். புது பேஸ்ட். 64.

குழாய் வெதுவெதுப்பாக. 412 தாண்டியது. 900 தாண்டியது.

அக். 17, வெள்ளி

2,880. மதியம் 3.10க்கு அனுப்பியாயிற்று.

அண்ணன் வேலை முடிந்து வந்து அறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான் பேசினான்.

"சரியாச்சா?"

"ம்."

"என்ன லா பிரச்சனை?"

தாள் மேசை மேல் கிடந்தது. உள்ளங்கையால் மூடினேன்.

"சந்தனம்தான்."

கதவுச் சட்டத்தைப் பார்த்தே சொன்னான்.

"சாரி லா பாப்பா. தெரியாம வச்சிட்டேன்."

போய்விட்டான். இதை எழுதும்போது சமையலறையில் அவன் குரல். எட்டிப் பார்த்தால், ஈரத்துணியோடு கிரைண்டர் முன்னால் குந்தியிருக்கிறான். அம்மா ஏதோ தடுக்கிறாள்.

"இல்லம்மா, பொட்ட தொடச்சிடறேன். இதுவும் சூடாயிடும்."