சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாத டோக்ளா

ஆகஸ்ட் 2

இதை எடுத்துப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அத்தையிடம். எல்லோரும் தூங்கிய பிறகு சரக்கறையில் தாழ்போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று கண் டாக்டர் பப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 252. நூற்றைம்பதுக்குக் கீழே வராமல் கண்புரை ஆபரேஷன் செய்ய மாட்டாராம். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவருக்குக் கண் தெரியாவிட்டால்? பட்டறை முதலாளி தீபாவளி வரைதான் பொறுப்பாராம்.

"நான் இனிப்பையே தொடறதில்லையே டாக்டர்!" என்று பப்பா சத்தியம் செய்தார். பொய் இல்லை. ஆனால் பப்பாவின் மதிய டப்பாவுக்காக அத்தை ஆவியில் வேகவைக்கிற டோக்ளாவின் மேல் ஊற்றுகிற தாளிப்புத் தண்ணீரில் எட்டுக் கரண்டி சர்க்கரை. பருப்புக் குழம்பில் வெல்லம். எங்கள் சூரத்தில் இதையெல்லாம் யாரும் இனிப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

ஆகஸ்ட் 3

அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். பப்பாவின் அக்கா, அவள் சொல்தான் சமையலறையில் சட்டம்.

"ஒன்பதாங்கிளாஸ் படிக்கிறவ எனக்கு டோக்ளா சொல்லித் தர்றியா? சர்க்கரை இல்லாதது டோக்ளா இல்லடி, பாத்திரம் தேய்க்கிற பஞ்சு."

அம்மா இருந்தால் இவ்வளவு பயம் இருக்காது. சித்தியின் பிரசவத்துக்காக நவசாரி போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 7

துணிந்து செய்தேன். ஊறிய பாசிப்பருப்பை, அத்தை காலையில் கோயிலுக்குப் போனதும் அரைத்து, ஆவியில் வேகவைத்து, சர்க்கரைத் தண்ணீர் இல்லாமல் பப்பாவின் டப்பாவில் வைத்தேன். அத்தை செய்ததைப் பள்ளியில் பங்கு போட்டுவிட்டேன்.

மாலையில் டப்பா அப்படியே திரும்பி வந்தது. "காய்ஞ்சு தொண்டையில அடைக்குது, அக்கா," என்றார் பப்பா. அந்தச் சர்க்கரைத் தண்ணீர்தான் ஈரமாக வைத்திருக்கிறது — எனக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்ததில் பட்டறையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம்.

நான்தான் காரணம். ஏதாவது ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?

ஆகஸ்ட் 8

இல்லை. விட முடியாது.

ஆகஸ்ட் 13

சுரைக்காய்! துருவி, பிழியாமல் அப்படியே மாவில் கலக்க வேண்டும். மாலைவரை மெத்தென்று இருக்கிறது. டப்பா காலி. இனி தினமும்.

ஆகஸ்ட் 24

நாளை சீதளா தேவிக்கு உரிய நாள். அடுப்பு மூட்டக் கூடாது. இன்று சமைத்ததைத்தான் நாளை முழுக்க ஆறிப்போனபடி சாப்பிட வேண்டும். அத்தை பூரி பொரிப்பதில் மும்முரமாக இருந்தாள். டோக்ளா என் தலையில்.

"சர்க்கரைத் தண்ணியைத் தாராளமா ஊத்துடி. நாளைக்கு அக்கம்பக்கமெல்லாம் வரும்."

ஊற்றவில்லை. மூன்று தட்டும் சுரைக்காய் போட்டதுதான். இதுவரை மாலைக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை. விடிந்து காய்ந்துபோயிருந்தால் வேறு சமைக்க வழியே இல்லை. பப்பா மறுபடி பட்டினி. அத்தைக்கு எல்லோர் முன்னாலும் அவமானம். நான் ஏன் இப்படிச் செஞ்சேன்?

ஆகஸ்ட் 25

ஜெயித்துவிட்டேன்!

பக்கத்து வீட்டு ரமிலாபென் நாலு துண்டு தின்றுவிட்டு, "சவிதாபென், நேத்து செஞ்சது இப்படி மெத்துனு இருக்கே, என்ன மாயம்?" என்றாள் அத்தையிடம்.

அத்தை ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். செத்தேன் என்று நினைத்தேன்.

"எல்லாம் கைப்பக்குவம்," என்றாள் ரமிலாபென்னிடம்.

பப்பா ஆறு துண்டு!

செப்டம்பர் 1

அத்தை இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரமாகக் குழம்பில் வெல்லம் இல்லை.

"அக்கா, ஏதோ மறந்துட்ட போலிருக்கே?"

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுடா."

செப்டம்பர் 16

143!

டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "அப்படி என்னதான் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. வீட்டுச் சாப்பாடுதான்," என்றார் பப்பா, அப்பாவியாக.

வியாழக்கிழமை ஆபரேஷன். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால் அங்கேயே குதித்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தக் காகிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அத்தைதான்.

"ஊர்மி, விளக்கு எரியுது, எனக்குத் தெரியும். ரமிலா வீட்டுக்காரருக்கும் சர்க்கரையாம். நாளைக்குச் செஞ்சு தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். சர்க்கரைத் தண்ணிக்குப் பதிலா மாவுல என்னடி கலக்கற?"